மூட்டைக்கு ஒரு குத்து

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இங்கே எழுதப்போவதில் பாதி என் கோபத்தால் நடந்தது. மீதிப் பாதி என் வலது நுரையீரலில் இருந்த எலுமிச்சம்பழ அளவுக் கட்டியால் நடந்தது. கட்டி கரைந்துவிட்டது. கோபம் இன்னும் இருக்கிறது, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டது. இருமலோடும் எக்ஸ்ரே படத்தோடும் எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னான்னு நிச்சயமா சொல்லித் தொலைங்களேன்" என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவேன். நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் எனக்குத் தானிய மண்டி இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு இருபத்தாறு வருடமாக நான்தான் பார்க்கிறேன். உளுந்து, எள், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் உடைத்த பருப்பு எல்லாம் சுற்று ஊர்களிலிருந்து வரும். பார்த்து, விலை சொல்லி, மில்லுக்கு அனுப்புவது என் வேலை. பார்ப்பதற்குக் குத்தூசி என்று ஒன்று வைத்திருப்போம். கூரான முனையும் நடுவில் குடைவும் உள்ள இரும்பு. சாக்கைக் கிழிக்காமல் உள்ளே போய் ஒரு பிடி தானியத்தை வழித்துக்கொண்டு வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு மணியைப் பல்லில் கடித்தால் எனக்குப் போதும். ஈரம் எவ்வளவு, வண்டு உண்டா, போன வருடத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். செல்வி சொன்னால் சொன்னதுதான் என்று மில்காரர்களிடம் எனக்குப் பேர்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்கு ஒரு குத்துதான். வந்தது நல்லதோ கெட்டதோ, அந்த ஒரு பிடியை வைத்து விலை முடிந்துவிடும். நல்ல சரக்கு வந்த பிறகு இன்னொரு இடத்தில் குத்தினால், 'நீ திருடன்' என்று விற்பவனின் முகத்துக்கு நேராகச் சொன்னதாக அர்த்தம். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போய்விடுவான். கெட்டது வந்தால் அவனும் மறு குத்துக் கேட்கமாட்டான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அப்பா சொல்வார். இருபத்தாறு வருடத்தில் நான் அந்த வழக்கத்தை மீறியதில்லை.

போன வருடம் மழைக்கு முன்னால் இருமல் ஆரம்பித்தது. மண்டியில் தூசி அதிகம், இருமல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது போகவில்லை. சாயங்காலமானால் லேசாகச் சுரம் வரும், விடியும்போது ரவிக்கை வியர்வையில் நனைந்திருக்கும். வளையல் கையில் தாராளமாக ஆடத் தொடங்கியது. "இன்னாடி, நோஞ்சானா ஆயிக்கினு வர்ற" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விடாப்பிடியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் பேர் மாணிக்கம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பத்து வார்த்தை பேசும் இடத்தில் அவர் ஒன்று பேசுவார், அதையும் பிரேக் போட்டுத்தான் பேசுவார்.

நாங்கள் போனது ஊரில் கைராசிக்காரர் என்று பேர் எடுத்த டாக்டரிடம். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு.

"டிபிம்மா. நூத்துக்கு நூறு டிபி. கண்ண மூடிக்கினு சொல்வேன்."

டிபி என்றால் காசநோய், நுரையீரலைத் தின்னும் ஒரு கிருமி. சளியைப் பரிசோதித்ததில் கிருமி தெரியவில்லை. "அது சில பேருக்குத் தெரியாது, கெடக்கட்டும்" என்றார். ஆறு மாத மாத்திரை, தட்டும் டம்ளரும் தனி, படுக்கை தனி. வியாதிப் பேர் கேட்டுப் பயந்தாலும் எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது. நான் மண்டியில் விலை சொல்வதைப் போலவே இழுக்காமல் சொன்னார். விஷயம் தெரிந்த ஆள் என்றால் இப்படித்தான் பேசவேண்டும் என்று வழி முழுக்க வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். ஐந்து நிமிடத்தில் அவர் தன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போங்க அந்தாண்ட. டாக்டரு சொன்னது காதுல உழலயா?"

"உழுந்துச்சு" என்றார். சோற்றைப் பிசைந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவர் கையில்தான். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் அவர் செய்தால் அக்கம்பக்கம் மூக்கைத் தூக்கும். அந்தக் களியே எனக்குக் கசந்த நாட்கள் அவை.

இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மாத்திரையின் குணம், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எடை ஏறவில்லை. மூச்சை இழுத்தால் முதுகில் சுருக்கென்றது. மறுபடி படம் எடுத்தார்கள், திட்டு பெரிதாகியிருந்தது. டாக்டர் படத்தைப் பழையபடி தூக்கிப் பிடித்தார்.

"அப்ப இது டிபி இல்ல. கேன்சர்தான். நூத்துக்கு நூறு."

பயந்துதான் போனேன். கூடவே கோபமும் வந்தது. வியாதி மாறிவிட்டது, குரல் மாறவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. ஒரே கட்டிக்கு இரண்டு தடவை நூற்றுக்கு நூறு போட்டால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அழுகை முந்திக்கொண்டதால் சொல்லவில்லை.

மறுநாளே விழுப்புரம் போனோம். அந்தச் சாலையில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், அன்று பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பெரிய மருத்துவமனை. நெஞ்சு நோய்ப் பிரிவில் டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தது ஒரு டாக்டரம்மா, நாற்பது வயது இருக்கும். ஒல்லி, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, மேஜையில் பாதி குடித்து ஆடை படிந்த டீ. ஒரு கேள்வி விடாமல் கேட்டார். மண்டியில் என்ன தூசி, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, அடுப்பு விறகா கேஸா, மாத்திரையை ஒரு நாளாவது விட்டேனா. படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு இப்பத் தெரியலைம்மா."

"இன்னாது?"

"கேன்சரா இருக்கலாம். டிபியாவும் இருக்கலாம், அந்த மாத்திரைக்கு அடங்காத டிபி. வேற எதாவதாவும் இருக்கலாம். படத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தெரியலன்னு சொல்றதுக்கா டாக்டரம்மா அவ்ளோ தூரத்துலருந்து பஸ் ஏறி வந்தோம்? எங்க ஊர் டாக்டரு படத்தப் பாத்தாரு, பட்டுனு சொன்னாரு."

"ரெண்டுவாட்டி சொன்னாருல்ல" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. "நானும் பட்டுனு சொல்லலாம்மா. உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள் நிம்மதியா இருக்கும். அப்புறம் தப்பான மருந்த சாப்ட்டுக்கிட்டே இருப்பீங்க. அட்மிஷன் போடறேன், கண்டுபிடிக்கலாம்."

வீட்டுக்காரர் "சரிங்க" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து நான் அவரைத் திட்டிய திட்டு வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "தெரியலன்னு சொல்றவங்க கையில என்னைக் குடுத்துட்டு சரிங்கன்றீங்களே." அதற்கு அவர் சொன்னது ஒன்றுதான். "ரோட்டுல மூடுபனி இருந்தா இருக்குன்னு சொல்ற டிரைவரு வண்டியிலதான் நான் ஏறுவேன்." எனக்கு அன்றைக்கு அது புரியவுமில்லை, புரிந்துகொள்ளும் மனசும் இல்லை.

பதினொரு நாள் வார்டில் இருந்தேன். பரிசோதனைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிடி ஸ்கேன் என்பது வலியில்லாதது. ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல் உடம்பை வெட்டாமலே துண்டு துண்டாகப் படம் எடுக்கும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலின் உள்ளே பார்ப்பது கொஞ்சம் பேஜாருதான், மூச்சுத் திணறுவதுபோல் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் முடிவு கிடைக்கவில்லை. ஸ்கேன் அறிக்கையில் 'இருக்கக்கூடும்', 'மறுப்பதற்கில்லை' என்றே எழுதியிருந்தார்கள். ஒரு அறிக்கையில் இத்தனை வழவழா கொழகொழா இருக்கலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை இருந்தாள். மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் குப்பம், புருஷன் கடலுக்குப் போகிறவர். நெஞ்சில் நீர் கோர்த்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் நான் அக்கா. டாக்டர்களுக்குத் தெரியாதது எல்லாம் அஞ்சலைக்குத் தெரியும். ரவுண்ட்ஸ் வரும்போது பெரிய டாக்டர் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தால் சாதாரண வியாதி. இரண்டு தடவை பார்த்தால் ஆபரேஷன். சின்ன டாக்டர்களை வெளியே கூப்பிட்டுப் போய்ப் பேசினால் சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். சிவப்பு மையில் எழுதினால் கெட்டது. இந்த சாஸ்திரத்தை வார்டே நம்பியது, நானும் நம்பினேன். ஒரு நாள் டாக்டரம்மா என் சீட்டில் சிவப்பில் எழுதிவிட்டுப் போனார். நான் சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் நர்ஸம்மாவிடம் கேட்டால், "அவங்க நீலப் பேனாவ யாரோ சுட்டுட்டாங்க" என்றார். அஞ்சலை கொஞ்சமும் அசரவில்லை. "அது அவங்க சொல்றது" என்றாள். அந்த வார்டில் எனக்குச் சிரிப்பு வந்த முதல் நாள் அது. அவள் புருஷன் கொண்டுவரும் மீன் குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு இட்லி கொண்டுவருவார். பணம் எப்படிப் போனது என்று இங்கே எழுதப்போவதில்லை. போனது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழம்பை மறக்கமாட்டேன்.

ஏழாம் நாள் ஊசிச் சதைப் பரிசோதனை செய்தார்கள். ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, நீளமான ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி ஒரு நூலளவு சதையை எடுப்பது. முன்னாலேயே ஊசியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். கூரான முனை, பக்கத்தில் குடைவு.

"இது எங்க குத்தூசிதானே" என்றேன். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. குத்தூசி என்றால் என்னவென்று நான் விளக்கினேன், ஊசி உள்ளே போகும் வரை விளக்கிக்கொண்டே இருந்தேன். பயத்தில் எனக்குப் பேச்சு அதிகமாகும்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. 'புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை. கிருமி காணப்படவில்லை. செத்த திசு மட்டும் உள்ளது.'

வளவனூரில் இருக்கும் என் அக்கா செய்தி கேட்டுத் தூக்கு வாளி நிறைய கேசரி கிண்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வார்டு முழுக்கக் கொடுத்தோம். மயிலம் முருகனுக்கு நான் வேண்டிக்கொண்டிருந்தேன், அவன் கேட்டுவிட்டான் என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது டாக்டரம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கேசரி நல்லா இருக்கும்மா. ஆனா இன்னொருவாட்டி ஊசி போட்டு எடுக்கணும்."

"அதான் இல்லன்னு வந்துடுச்சே."

"இல்லன்னு வரலம்மா. காணலன்னு வந்திருக்கு. ஊசி போன இடம் கட்டியோட நடு. அங்க எல்லாம் செத்துப்போன சதை. செத்த இடத்துல கேன்சரும் தெரியாது, கிருமியும் தெரியாது. ஓரத்துல உசுரோட இருக்கற இடத்துலருந்து எடுக்கணும்."

இப்போது படிக்கிற உங்களுக்கு இது பச்சைப் பிள்ளைக்கும் புரியும் விஷயமாகத் தெரியலாம். எனக்கு அன்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள மறுத்தேன். என் மனதில் ஓடியது மண்டி வழக்கம். முதல் குத்தில் வந்தது வந்ததுதான், விலை முடிந்துவிட்டது. முருகன் ஒரு குத்தில் நல்ல சரக்கைக் காட்டிவிட்டான். இன்னொரு குத்துக் கேட்டால் அது அவனைத் திருடன் என்று சொல்வது. அப்படிக் கேட்டதற்காகவே அடியில் அழுகலை வைத்துவிடுவான் என்று பயந்தேன். ஐம்பத்து நான்கு வயதுப் பொம்பளை, நாலு மில்லுக்குச் சரக்கு அனுப்புகிறவள், இப்படியும் யோசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

"என்னை நம்பலயா, இல்ல சாமிய நம்பலயா?" என்று அவரிடமே கேட்டேன்.

"ஊசிய நம்பலம்மா" என்றார். "அது போன எடத்த மட்டும்தான் சொல்லும்."

நான் கேட்கவில்லை. என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. மருந்து எதுவும் தரவில்லை, தெரியாமல் தரமாட்டேன் என்றார். தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னார். அக்கா மட்டும், "அதிகப்பிரசங்கி, ஒன் வாய அடக்கணும்டி" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்திருந்தார். சுரம் தினமும் வந்தது. பத்தாம் நாள், எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்கே நிரூபிக்க முகமூடியைக் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஏழுமலை நாலு மூட்டை உளுந்து கொண்டுவந்திருந்தார். சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், பல வருடப் பழக்கம். போன வாரம்தான் மழை அடித்து ஓய்ந்திருந்தது. முதல் மூட்டையில் மேலாகக் குத்தினேன். கையில் கொட்டியது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. கடித்தால் டக்கென்று உடைந்தது. விலை சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா, அடியில ஒரு குத்து குத்திப் பாருங்க" என்றார் ஏழுமலை.

இருபத்தாறு வருடத்தில் விற்பவர் ஒருவர் இப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. "இன்னாத்துக்கு ஏழுமல? வந்தது நல்லாத்தானே கீது."

"நல்லா வந்ததுதாங்கக்கா பயமா கீது. ரெண்டு நாள் களத்துல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன். எங்க ஒழுவுச்சோ எனக்கே தெரியாது."

"உன் மூட்ட, உனக்குத் தெரியாதா?"

"என் மூட்டதான். நான் இன்னா உள்ள பூந்தா பாத்தேன்?"

சாதாரணமாகச் சொன்னார், பீடிக் கட்டைத் தேடிக்கொண்டே. எனக்கு என் கட்டி நினைவுக்கு வந்தது. என் உடம்பு என்னுடையதுதான். ஐம்பத்து நான்கு வருடமாகச் சுமக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? நான் உள்ளே புகுந்தா பார்த்தேன்? பானைச் சோறு ஒரே தண்ணீரில் ஒன்றாக வேகிறது, அதனால் ஒரு பருக்கை மற்றதற்குச் சாட்சி சொல்லும். மூட்டை அப்படி இல்லை. மேலே இருப்பதற்கும் அடியில் இருப்பதற்கும் சாக்கு ஒன்று என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. இது எனக்குத் தெரியாததா? அடியில் ஈரத்தை வைத்து மேலே நல்லதைப் பரப்பி வந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். தெரிந்ததை எல்லாம் ஒரு வழக்கத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

நாலு மூட்டையையும் அடியில் குத்தினேன். மூன்று நன்றாக இருந்தன. நாலாவதில் வந்த பிடி ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. ஏழுமலை அதை வாங்கி மோந்து பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"தேவல. இப்பத் தெரிஞ்சிச்சு, கொட்டிக் காய வெச்சிக்கினா ஆச்சு. நீங்க மில்லுக்கு அனுப்பி, அது மத்த மூணு மூட்டையயும் கெடுத்து, அப்புறம் தெரிஞ்சா இன்னா பண்றது?"

நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "விழுப்புரம் போலாம், ஜல்தி கெளம்புங்க" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு, சாமி படத்தின் கீழிருந்த சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாற்றுப் புடவை வைத்த ஆஸ்பத்திரிப் பையோடு வாசலில் நின்றார். அந்தப் பையை ஒன்பது நாளும் அவர் பிரிக்கவே இல்லை என்பதை பஸ்ஸில்தான் கவனித்தேன்.

டாக்டரம்மா "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார். இந்த முறை கட்டியின் ஓரத்தில் இரண்டு இடத்தில் எடுத்தார்கள். ஊசி போன வழியில் கொஞ்சம் காற்றுக் கசிந்து நுரையீரலைச் சுற்றி நின்றுவிட்டது. மூச்சு வாங்கியது. மூன்று நாள் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன், தானாகவே சரியாகிவிட்டது. இப்படி ஆகக்கூடும் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எல்லாம் சரியாக நடக்கும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அதனால் நடந்தபோது எனக்குப் பயம் வந்தது, ஏமாந்த உணர்ச்சி வரவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அந்தப் படுக்கையில்தான் தெரிந்துகொண்டேன்.

எடுத்த சதையில் ஒரு பாதி நுண்ணோக்கிக்கும் மறுபாதி கிருமியின் மரபணுவைத் தேடும் மெஷினுக்கும் போனது. முடிவு வந்த அன்று டாக்டரம்மா தானே கட்டிலுக்கு வந்தார்.

"கேன்சர் இல்லம்மா. டிபி கிருமி கெடச்சிருக்கு. வழக்கமா குடுக்கற முக்கியமான மாத்திரைக்கு அடங்காத வகை. அதான் அந்த ரெண்டு மாசம் கேக்கல. இதுக்கு வேற மருந்து இருக்கு."

வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் டாக்டர் முதலில் சொன்னது சரியாகத்தான் போயிற்று, டிபிதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, "அவரு அப்பவே சொன்னாரு, நீதான் ஊர் சுத்துன" என்றாள். நான் நிறைய யோசித்தேன். அவர் சொன்னது சரி, ஆனால் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாவது படத்தைப் பார்த்ததும் கேன்சர் என்று தாவியிருக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஒரு நாள் மாங்காய் விழும். அதற்காக எறிந்தவனுக்குக் குறி தெரியும் என்று சொல்ல முடியாது. என் உயிரைக் காப்பாற்றியது, எது என்று இன்னும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தெரியும் வரை விடாமல் தேடியது. அந்த டாக்டர் மீதும் இப்போது எனக்குக் கோபமில்லை. அவரிடம் போகிற நாங்கள்தான் நூற்றுக்கு நூறு கேட்டு வாங்குகிறோம்.

புது மருந்து ஆறு மாதம். பாதம் எரியும், சில நாள் மரத்துப்போகும். ரத்தம் குறைகிறதா, இதயத் துடிப்பு மாறுகிறதா என்று அடிக்கடி பார்த்தார்கள். நடுவில் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். டாக்டரம்மா வீட்டுக்காரரை உட்காரவைத்து விளக்கினார். இந்த நோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது, இருமும் காற்றில்தான் ஒட்டும். அதனால் தான் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லும் வரை நல்ல காற்றோட்டம், முகமூடி, தனி அறை. "இனிமே பக்கத்துல உக்காரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்காரர் தலையாட்டினார். சொன்னபடி நடந்தார். சாப்பாட்டு வேளைக்கு என் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு, தன் தட்டோடு வெளியே போய் வேப்ப மரத்தடியில் ஸ்டூல் போட்டு, என் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். தெருவில் போகிறவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். "உள்ள போய்ச் சாப்டுங்களேன், அசிங்கமா கீது" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன். காதில் விழாததுபோல் மெல்லுவார். மூன்றாம் மாதம் களி கசக்கவில்லை. நாலாம் மாதம் வளையல் கையில் நின்றது.

போன மாதம் கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். சளியை வளர்த்துப் பார்த்ததில் கிருமி முளைக்கவில்லை. கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருந்தது. மருந்தை நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா.

"திரும்ப வராதில்ல?" பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"வராதுன்னுதான் நெனைக்கிறேன். நிச்சயமா சொல்ல மாட்டேம்மா. ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டிட்டுப் போங்க."

"சரிங்க டாக்டரம்மா, வர்றேன்" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருப்பார். ஒரு மனுஷி தனக்குத் தெரிந்ததை அளந்து, அதற்கு மேல் ஒரு மணிகூடக் கூட்டாமல் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்கு இப்போது தெரியும். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது எடுத்துவந்த வீட்டுக்காரருடைய எக்ஸ்ரேயும் மேஜையில் இருந்தது. இந்தத் தடவையும் சுத்தம். டாக்டரம்மா அதை உறையில் போட்டுக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். ஆரம்பத்துல டிபின்னு சொல்லியும் ரெண்டு மாசம் இவங்க பக்கத்துலயே உக்காந்து சாப்ட்டிருக்கீங்க. ஒட்டாதுன்னு யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லலீங்க" என்றார். "ஒட்டும்னும் தெரியாது, ஒட்டாதுன்னும் தெரியாது."

"அப்புறம் எந்த தைரியத்துல?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவளுக்குத் தனியா உக்காந்தா சோறு எறங்காதுங்க. அது தெரியும்."

நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தேன். அவர் வண்டி ஓட்டிய முப்பது வருடம் நினைவுக்கு வந்தது. டிரிப் முடிந்து அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றுப் பானையை மூடி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பசிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.